ஓட்டத்தில் உதறல்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது

பொள்ளாச்சி ரோட்டில் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கைக்குள் துடிக்கிறது. பின்னால் அலமாரிக் கதவு கடகடக்கிறது. அறுபதுக்கு இறங்கினால் எல்லாம் அடங்கிவிடுகிறது. இப்படி ஒரு கேரவன் வண்டி வீடு திரும்பியதும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டு, சாமான்களை இறக்கி, வண்டியைக் கழுவி, நேரே வீல் அலைன்மென்ட் கடைக்கு ஓட்டிப்போகிறார்கள். அங்கே அலைன்மென்ட் பார்த்து, முன்சக்கரம் இரண்டுக்கும் ஈயக் கட்டி அடித்து அனுப்புகிறார்கள். அடுத்த பயணத்தில் உதறல் அப்படியே இருக்கிறது.

இதில் இரண்டு தவறு இருக்கிறது. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் பார்க்கும் திசையைச் சரிசெய்யும் வேலை. வண்டி ஒருபக்கம் இழுத்தாலோ டயர் ஓரமாகத் தேய்ந்தாலோ அதற்கு மருந்து அது. உதறலை அது தீர்க்காது. இரண்டாவது தவறு இன்னும் பெரியது: முழுச் சுமையில் வந்த நோயைக் காலி வண்டியில் தேடியது.

கேரவன் என்பது சுமையோடு பிறந்த வண்டி. 150 லிட்டர் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் 150 கிலோ. அதோடு பேட்டரி, இன்வெர்ட்டர், கூரை ஏசி, ஃபிரிட்ஜ், கட்டில், 14.2 கிலோ எரிவாயு நிரப்பிய வீட்டு சிலிண்டர், அப்புறம் ஆட்கள். இதில் பெரும்பகுதி பின்னச்சின் மேலேதான் உட்காருகிறது. அந்த எடையில் ஸ்பிரிங் பட்டை தாழ்கிறது, அச்சின் சாய்வு மாறுகிறது, ஷாஃப்ட் வேறொரு கோணத்தில் சுற்றுகிறது, டயர் வேறு அளவு நசுங்குகிறது. காலியாக நிற்கும்போது இவை எதுவும் இல்லை. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே பிடிவாதத்தில் நிற்கும்: பயணம் போகிற அதே சுமையோடு சோதியுங்கள், சாலையில் சோதியுங்கள், பட்டறைக்காரரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சோதியுங்கள்.

சோதிக்கக் கூடாத உதறல்

எல்லா உதறலையும் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சில வந்தால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டியதுதான்.

பஞ்சர் ஒட்டியோ டயர் மாற்றியோ சிறிது தூரத்திலேயே புதிதாக ஆட்டம் தொடங்கி, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கூடிக்கொண்டே போனால் சக்கர நட்டு தளர்ந்திருக்கலாம். சக்கரம் கழன்று ஓடுவதற்கு முன் வண்டி தரும் எச்சரிக்கை அது. இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டி ஒரு பக்கமாக எழும்பி எழும்பி விழுவதுபோல் இருந்தால், டயருக்குள் கம்பிப்பட்டை பிரிந்து ரப்பர் வீங்கியிருக்கலாம். அந்த டயர் வெடிக்கக் காத்திருக்கிறது. அடியிலிருந்து இரும்பு தட்டும் சத்தத்தோடு தரை அதிர்ந்தால் ஷாஃப்ட் ஜாயிண்ட் விடப்போகிறது என்று பொருள். ஷாஃப்ட் முன்பக்கம் அறுந்து தரையில் குத்தினால் வண்டியையே தூக்கிவிடும். இந்த மூன்றில் எது என்று சந்தேகம் வந்தாலும் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு நிறுத்துங்கள். குடும்பத்தைச் சாலையிலிருந்து தள்ளி இறக்கிவிட்டு, அதன் பிறகு சக்கரத்தைப் பாருங்கள். மலைப்பாதையில் என்றால் மெக்கானிக்கை அங்கே வரச் சொல்லுங்கள். "மேட்டுப்பாளையம் வரைக்கும் மெதுவா இறக்கீரலாம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

முதலில் எடை மேடை

சாவியைத் திருகுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கொங்கு நாட்டில் எடை மேடை இல்லாத ஊர் அரிது. பஞ்சு மில், தேங்காய் மண்டி, வெல்ல மண்டி, பழைய இரும்புக் கிடங்கு என்று எங்கே தொழில் நடக்கிறதோ அங்கே ஒன்று இருக்கும். தொட்டியை நிரப்பி, சாமான்களை ஏற்றி, வழக்கமாக வருகிறவர்களை உட்காரவைத்து மூன்று எடை எடுங்கள். முழு வண்டி ஒன்று, முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒன்று, பின்சக்கரம் மட்டும் நிற்க ஒன்று. மேடை அகலமாக இருந்து வண்டியை ஓரமாக நிறுத்த முடிந்தால் இடதுபக்கம், வலதுபக்கமும் தனியாக எடுத்துவிடுங்கள். ஒரே பக்கத்தில் தொட்டியும் பேட்டரியும் அடுப்பு மேடையும் அமைந்த வண்டிகள் உண்டு. அவற்றில் ஒருபக்கத்து டயர் மட்டும் சூடாகி, ஒருபக்கம் மட்டும் உதறும்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையோடும், தயாரிப்பாளர் அச்சுக்கு அச்சு கொடுத்திருக்கும் வரம்போடும் இந்தச் சீட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னச்சு வரம்பைத் தாண்டியிருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சுமையைக் குறைக்காமல் வேறெதைச் சரிசெய்தாலும் நிற்காது. வரம்புக்குள் இருந்தால், அந்த எடைக்குரிய காற்றை டயர் நிறுவன அட்டவணைப்படி அடித்துக்கொள்ளுங்கள். காற்று பார்ப்பது விடிகாலையில், வண்டி உருள்வதற்கு முன். பங்க் வரை ஓட்டிப்போய் அளந்தால் சூட்டில் அளவு கூடிக் காட்டும்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது

சோதனைக்கு நல்ல சாலை வேண்டும். ஒரே சீராக, நேராக, நடுவில் தடுப்போடு, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இடம் இருக்கிறதாக. கோவைக்காரர்களுக்கு நீலாம்பூரிலிருந்து கணியூர், கருமத்தம்பட்டி, அவிநாசி வழியாகச் செங்கப்பள்ளி போகும் 544ஆம் தேசிய நெடுஞ்சாலை போதும். நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ் ஆகாது. அது எதிரெதிரே வண்டி வரும் இருவழிச் சாலை. லாரிக்குப் பின்னால் லாரியாகப் போகும்போது நீங்கள் வேகத்தைப் பரிசோதித்துக்கொண்டிருக்க முடியாது. அவிநாசி ரோடு மேம்பாலத்தையும் விட்டுவிடுங்கள். பாலத்து இணைப்புகள் தாளம் தப்பாமல் தட்டும்போது எது பாலம், எது டயர் என்று காது குழம்பும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஆறு மணி சோதனைக்கு நல்ல நேரம்.

இருபது கிலோமீட்டராவது ஓடி டயர் சூடான பிறகுதான் கணக்கைத் தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டியில் டயரின் அடிப்பகுதி தட்டையாகிவிடும். கிளம்பியதும் தொப் தொப் என்று தட்டும், ஓட ஓட உருண்டை திரும்பிச் சரியாகும். சூடான பிறகும் தட்டு நிற்கவில்லை என்றால் அது நிரந்தரமாகிவிட்டது. அந்த டயரை மாற்றத்தான் வேண்டும்.

வண்டியை ஓட்டுபவர் குறிப்பெடுக்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர், பின்பக்கக் கட்டில் அருகே இருக்கையில் பெல்ட் போட்டு ஒருவர் என்று மூன்று பேர் போனால் நல்லது. வேகத்தைப் பத்துப் பத்தாகக் கூட்டி, சாலையில் எழுதியிருக்கும் வரம்புக்குள், ஒவ்வொரு வேகத்திலும் சற்று நேரம் நிலையாக ஓட்டுங்கள். வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். டயர் அளவு மாற்றியிருந்தால் மீட்டர் தவறாகக் காட்டும்.

நல்ல மெக்கானிக்கிடம் போய் நின்றால் அவர் பானட்டைத் திறப்பதற்கு முன் கேட்பார். நம் பக்கத்துப் பேச்சு இப்படிப் போகும்:

"அண்ணா, எம்பதுல போனா ஒதறுதுங்க."

"மெதிக்கறப்பவா, காலை எடுக்கறப்பவாங்க?"

"அதைப் பாக்கலீங்களே."

"ஸ்டியரிங்லயா, சீட்டுலயா?"

அந்த இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆகவே சாலையில் தேட வேண்டியது மூன்று: எந்த வேகத்தில், காலின் எந்த நிலையில், உடம்பின் எந்த இடத்தில்.

எண்பதில் உதறுகிறதா? அதே எண்பதை ஒரு கியர் கீழே போட்டு ஓட்டுங்கள். எஞ்சின் வேகம் மாறியும் உதறல் மாறவில்லை என்றால் எஞ்சினுக்குப் பங்கில்லை. சக்கரம் அல்லது ஷாஃப்ட். உதறல் வேறு மாதிரி ஆனால் எஞ்சின் பக்கம் தேடுங்கள். அடுத்து, முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரான இடத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்சை மட்டும் மிதித்து உருளவிடுங்கள். உதறல் அப்படியே தொடர்ந்தால் முதலில் டயர், ரிம், ஹப் என்று போங்கள்; ஷாஃப்ட்டின் எடை சமமில்லை என்றாலும் இப்படித் தொடரும். மிதித்து இழுக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் ஓய்ந்தால் ஷாஃப்ட் ஜாயிண்ட், அதன் கோணம், எஞ்சின் மவுண்ட் என்று பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிரம், டிஸ்க். இந்தச் சோதனையில் எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மலையில் எந்த இடத்திலும் கிளட்சை மிதித்து உருளக் கூடாது.

கைக்கு வரும் அதிர்வு பெரும்பாலும் முன்சக்கரத்தினுடையது. இடுப்புக்கும் பாதத்துக்கும் வருவது பின்சக்கரத்தினுடையது அல்லது ஷாஃப்ட்டினுடையது. கேரவனில் ஒரு சிக்கல் உண்டு: மரவேலை அதிர்வை எடுத்து வேறிடத்தில் கொட்டும். பின்னச்சு அதிர்வுக்கு டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் அலமாரி ஆடும். சத்தத்தை நம்பாமல் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டயரும் ரிம்மும்

உதறல் வண்டிகளில் முதல் சந்தேகம் எப்போதும் இங்கேதான். காரணம் எளிய பௌதிகம். 15 அங்குல ரிம்மின் விளிம்பில் 50 கிராம் எடை ஒருபக்கமாகக் கூடினால், எண்பதில் அது ஏறக்குறைய 4 கிலோ விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். அதுவும் நொடிக்குப் பத்துத் தடவை. நாற்பதில் அதே 50 கிராம் 1 கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. கல் சரியாக உட்காராத கிரைண்டர் மேடையையே அதிரவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நூறில் இன்னும் மோசமாக வேண்டுமே, சில வண்டிகளில் தொண்ணூறைத் தாண்டியதும் ஏன் அடங்குகிறது? ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவே சக்கரமும் அச்சும் துள்ளுவதற்கென்று ஓர் இயல்பான வேகம் உண்டு. நொடிக்குப் பத்திலிருந்து பதினைந்து துள்ளல் அளவில் இருக்கும். சக்கரம் சுற்றும் வேகம் அதோடு ஒத்துப்போகும் இடத்தில் உதறல் உச்சம் தொடும், தாண்டியதும் இறங்கும். இறங்கிவிட்டது என்பதால் கோளாறு போய்விடவில்லை. "நூறுல போனா ஒண்ணுமே தெரியறதில்லீங்க" என்று வேகமாகவே ஓட்டிப் பழகுகிறவர்கள் பேரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

பேலன்சிங் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை உண்டு. சமதரையில் எதிர்ச்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, ஒரு சக்கரத்தைத் தூக்குங்கள். டயரை ஒட்டி ஒரு செங்கலில் கம்பியைச் செருகி, கம்பி முனை டயரை மயிரிழையில் தொடாமல் நிற்க, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் டயரோ ரிம்மோ வட்டம் தப்பியிருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் தெரிந்தால் ஈயத்தால் அதைத் தீர்க்க முடியாது. முட்டையாகிப்போன டயரை எவ்வளவு ஈயம் ஒட்டி பேலன்ஸ் செய்தாலும் அது முட்டையாகத்தான் உருளும். கம்பியை ரிம் விளிம்புக்கு மாற்றி மறுபடி சுற்றினால், கோணல் ரிம்மிலா டயரிலா என்று பிரிந்துவிடும். சக்கரம் தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகட என்று ப்ளே இருந்தால் வீல் பேரிங் அல்லது கிங்பின். இடமும் வலமும் ஆட்டும்போது மட்டும் ப்ளே தெரிந்தால் டை ராட் முனை.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்துப் பாதையில் போய்வந்த வண்டியில் ரிம்மின் உள்பக்கம் காய்ந்த செம்மண் அரைக் கிலோ ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்ததும் உதறல் நின்ற வண்டிகள் ஏராளம். இரண்டு ரிம்மும் ஒட்டும் முகத்தில் பெயின்ட்டோ துருவோ தடித்திருந்தால் சக்கரம் நேராக உட்காராது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்ட வேண்டும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை. நின்று நின்று காய்ந்து சாகிறது. பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று எட்டு வருடத்து டயரில் ஊட்டிக்குக் கிளம்பாதீர்கள். ரீட்ரெட் பற்றி ஒரு வார்த்தை. ரீட்ரெடிங் ரப்பரும் எந்திரமும் செய்யும் எல்ஜி ரப்பர் நம் ஊர் நிறுவனம். இந்தத் தொழிலின் மேல் எனக்கு மரியாதை உண்டு. தினமும் ஓடுகிற லாரியின் பின்னச்சுக்கு அது நியாயமான சிக்கனம். மாதக்கணக்கில் வெயிலில் நின்று, பிறகு குடும்பத்தோடு ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, அதுவும் முன்சக்கரத்துக்கு, அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதெல்லாம் முடிந்த பிறகு பேலன்சிங். ஆறு சக்கரம் இருந்தால் ஆறுக்கும் செய்யச் சொல்லுங்கள். "முன்னாடி ரெண்டு போதுங்க" என்பது கார் கடையின் பழக்கம். பழைய ஈயத்தை முழுக்க எடுத்துவிட்டு, ரிம்மைக் கழுவி, எந்திரத்தில் ஏற்ற வேண்டும். ரிம்மின் நடுத்துளைக்குப் பொருந்தும் கூம்பைப் போட்டார்களா என்று நின்று பாருங்கள். தப்பான கூம்பில் ஏற்றினால் எந்திரம் சுழி காட்டும், சாலை காட்டிக்கொடுத்துவிடும்.

ஷாஃப்ட்

சக்கரம் சுத்தம், ஆனாலும் தரை அதிர்கிறது, மிதிக்கும்போது கூடுகிறது. இப்போது வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதுதான்.

முதலில் உங்கள் வண்டி எந்தச் சக்கரம் ஓட்டும் வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். 1987இல் வந்த நாள் முதல் டெம்போ டிராவலர் பின்சக்கரம் தள்ளும் வண்டி. எஞ்சினிலிருந்து பின்னச்சு வரை நீள ஷாஃப்ட் ஓடுகிறது. டாடா விங்கர் முன்சக்கரம் இழுக்கும் வண்டி. அதில் நீள ஷாஃப்ட்டே கிடையாது. விங்கரில் மிதிக்கும்போது உதறினால் முன்னால் உள்ள இரண்டு குட்டி ஷாஃப்ட்டின் உள்ஜாயிண்ட்டைப் பாருங்கள். கரூரில் பஸ் சேஸிஸ் மேல் பாடி கட்டிய பெரிய வண்டி என்றால் ஷாஃப்ட் துண்டு துண்டாக, நடுவே சென்டர் பேரிங்கோடு வரும்.

கிராஸ் ஜாயிண்ட் வேலை செய்யும் விதத்தை உடைமையாளர் புரிந்துகொண்டால் பணம் மிச்சம். ஜாயிண்ட் சாய்ந்த கோணத்தில் சுற்றும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை அது முந்தியும் பிந்தியும் ஓடுகிறது. முன்முனையில் உண்டாகும் இந்தத் தடுமாற்றத்தைப் பின்முனை ஜாயிண்ட் எதிர்த்திசையில் தடுமாறிச் சமன்செய்கிறது. அது நடக்க இரண்டு நிபந்தனை. இரு முனையிலும் சாய்வு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும்.

கேரவனில் இரண்டுமே எளிதில் கெடும். சுமை தாங்கவில்லை என்று பின்னால் கூடுதலாக இரண்டு பட்டை சேர்த்துக் கட்டுவது நம் பக்கத்தில் சாதாரணம். பட்டை கூடினால் வண்டி உயரும், அச்சின் மூக்கு வேறு பக்கம் பார்க்கும், முனைச் சாய்வுகள் சமம் இழக்கும். அதேபோல், பாடி கட்டும்போது ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டுபவர் நடுவே உள்ள பல்லை ஒரு பல் தள்ளிச் செருகிவிட்டால் கவைகள் தளம் மாறிவிடும். பழுதில்லாத ஷாஃப்ட், புதுக் கிராஸ், ஆனாலும் உதறும். ஷாஃப்ட்டின் இரு துண்டிலும் அம்புக்குறி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். குறி அழிந்திருந்தால், கழற்றும் முன் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்கு அரை நிமிடம் ஆகும்.

சாய்வை அளக்க இப்போது கைப்பேசியே போதும். வண்டி முழுச் சுமையோடு, தன் சக்கரத்தில் சமதரையில் நிற்க, கியர்பாக்ஸின் பின்முகம், ஷாஃப்ட், அச்சின் முகம் மூன்றிலும் கைப்பேசியின் சாய்வுமானியை வைத்துப் படியுங்கள். ஜாக்கியில் தூக்கி அளந்தால் அச்சு தொங்கும், கணக்குத் தப்பும். வித்தியாசம் தெரிந்தால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்வார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, கரூர் என்று லாரியும் ரிக்கும் பஸ்ஸும் வாழும் ஊர்களில் இந்த வேலை அறிந்த கைகள் உண்டு. கார் ஷோரூமுக்கு இதைக் கொண்டுபோக வேண்டியதில்லை.

கைப்பேசியை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியில் அதிர்வை நொடிக்கு இத்தனை என்று பிரித்துக் காட்டும் வசதி உண்டு. கைப்பேசியைத் தரையில் நன்றாக ஒட்டிவைத்து, பயணி இயக்க வேண்டும். 215/75 ஆர்15 டயர் எண்பதில் நொடிக்குச் சுமார் 10 சுற்று சுற்றும். கிரவுன் விகிதம் 4.1 என்றால் ஷாஃப்ட் சுமார் 42 சுற்று. ஆகவே திரையில் 10 அருகே கோபுரம் எழுந்தால் சக்கரம். 20 அருகே என்றாலும் சக்கரம்தான். டயர் வட்டம் தப்பியதன் அடையாளம். 42 அருகே எழுந்தால் ஷாஃப்ட்டின் எடை சமமில்லை. 84 என்றால் ஜாயிண்ட் கோணம். ஒரு எச்சரிக்கை: நேர் கியரில் ஓடும்போது எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. இரண்டையும் பிரிக்க, வேறு கியரில் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். கோபுரம் அசையாமல் நின்றால் ஷாஃப்ட், கூடவே நகர்ந்தால் எஞ்சின்.

மோட்டாரும் பம்பும் செய்யும் ஊர் இது. ரோட்டரை எந்திரத்தில் ஏற்றிச் சுற்றி, மில்லிகிராம் கணக்கில் எடை பார்க்கும் ஆட்கள் கணபதியிலும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் நம் தெருவில் குடியிருக்கிறார்கள். இந்த எண்களைக் காட்டி அவர்களோடு பேசிப் பாருங்கள். "ஒதறுதுங்க" என்று சொன்னால் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

மலை இறங்கிய பிறகு

ஏறும்போது இல்லாத உதறல் இறங்கிய பிறகு, பிரேக்கில் மட்டும் வந்தால் காரணம் சூடு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 14 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு 40, திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு 27. இத்தனையையும் மூன்று, நான்கு டன் வண்டியில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் கோணும், டிஸ்க் முகத்தில் பேடின் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டும். ஏறிய கியரிலேயே இறங்குவதும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவதும்தான் தடுப்பு. இறங்கி முடித்ததும் டீக்கடையில் நிறுத்தி, கொதிக்கிற டிஸ்க்கின் மேல் பிரேக்கை மிதித்தபடி நிற்காதீர்கள். கடைசி சில கிலோமீட்டர் பிரேக் போடாமல் உருண்டு ஆறட்டும். நிறுத்தினால் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். கோணிய டிரம்மை லேத்தில் ஏற்றிக் கடையலாம். உள்ளே பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது, ஒரே அச்சின் இரண்டு டிரம்மையும் சேர்த்துக் கடைய வேண்டும்.

சக்கரம், ஷாஃப்ட், பிரேக் எதுவும் இல்லை என்றால் மிச்சம் எஞ்சின். அந்த உதறலைப் பிரிப்பது சுலபம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் அதே ஆர்பிஎம்முக்கு ரேஸ் செய்யுங்கள். நின்ற வண்டியும் அதிர்ந்தால் மவுண்ட் ரப்பர், ஃபேன், இன்ஜெக்டர். முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் குலுங்கினால் கிளட்ச், அல்லது சென்டர் பேரிங் ரப்பர்.

காற்றா, கோளாறா

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது வாளையாறு, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காற்றாலைகள் நிற்கிற இடம் உயரமான வண்டிக்குச் சோதனையான இடம். காற்றில் வண்டி ஆடுவது மெதுவான ஆட்டம். நொடிக்கு ஒன்று, இரண்டு. சக்கரத்தின் உதறல் அதைவிடப் பல மடங்கு வேகம். கூரையில் சோலார் பலகையோ ஏசியோ வெயில் மறைப்போ தளர்ந்திருந்தால் வேகம் கூடும்போது ரீங்காரம் போடும். அது உதறல் போலவே ஏமாற்றும். அதே சாலையை எதிர்த்திசையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். ஒரு திசையில் மட்டும் வந்தால் கூரைக்கு ஏறிப் பாருங்கள்.

எந்த உதறல் பயணத்துக்குப் பிறகும் எரிவாயுக் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அதிர்வில் முதலில் தளர்வது பித்தளை நட்டுதான். சிலிண்டரின் கட்டுப் பட்டையையும் இறுக்கிவிடுங்கள்.

பட்டறையில் கொடுக்கும்போது

குறிப்பு இப்படி இருக்கட்டும்: "முழுச் சுமை, பின்னச்சு எடைச் சீட்டு இணைப்பு. 74இல் தொடங்கி 82இல் உச்சம், 90இல் குறைவு. நான்காம், ஐந்தாம் கியர் இரண்டிலும் ஒன்றே. மிதித்தாலும் விட்டாலும் மாற்றமில்லை. சீட்டில், வலதுபின் பக்கம் அதிகம். நீலாம்பூர்–அவிநாசி, இருதிசையும்." இதைப் படிக்கிற மெக்கானிக் நேரே வலது பின்சக்கரத்துக்குத்தான் போவார்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யச் சொல்லுங்கள். டயர், ஷாஃப்ட், மவுண்ட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போகும். அடுத்த தடவை மறுபடி மூன்றுக்கும் பணம் கட்டுவீர்கள். ஸ்டெப்னி நன்றாக இருந்து அளவும் ஒத்துப்போனால், சந்தேகப்பட்ட சக்கரத்தின் இடத்தில் அதைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது எல்லாச் சோதனையிலும் செலவில்லாத சோதனை. கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். கிராஸ் என்றால் ஊசி பேரிங் பதிந்த தழும்பு தெரிய வேண்டும், சென்டர் பேரிங் என்றால் ரப்பர் பிளந்திருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி, அதே சாலையில், அதே வேகங்களில் ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டி என்றால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு நிழலில் நிறுத்தி, டார்க் ஸ்பேனரால் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள், பின்சக்கரத்தின் உள்வரிசையையும் சேர்த்து.